கப்பலில் கிடைத்த ஞாயிறு

தொண்டு என்றதும் நம்மில் பலருக்கு வாடிய முகமும் மெலிந்த உடலுமே நினைவுக்கு வருகின்றன. பிறருக்காக உழைப்பவர் வாய்விட்டுச் சிரிக்கக் கூடாது, ஊர் சுற்றக் கூடாது, நன்றாக உண்ணக் கூடாது என்று எழுதப்படாத சட்டம் ஒன்று நம்மிடையே உண்டு. கடற்கரையில் ஒருநாள் விளையாடிவிட்டு வந்தவரைப் பார்த்து, ‘இவரா தொண்டர்?’ என்று கேட்பவர்களை நான் கண்டிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு என்னால் இயன்ற விடையே இக்கட்டுரை.

2023 ஆகஸ்டு முதல் 2024 ஜூன் வரை, பத்து மாதங்கள், என் பெற்றோரும் தம்பியும் நானும் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள சியரா லியோன் நாட்டில், ஒரு மருத்துவமனைக் கப்பலில் வாழ்ந்தோம். தம்பி அங்கே படித்தான். மற்ற மூவரும் ஊதியமின்றி வேலை செய்தோம். அப்பத்து மாதங்களில் எங்கள் நால்வருக்கும் ஒருசேர ஓய்வு கிடைத்த சனி ஞாயிறுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றுள் ஒன்றைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

ஏன் சென்றோம்?

என் அம்மா செவிலியர். தம்பிக்கு இரண்டு வயது நிரம்பியபோது வளைகுடா நாடொன்றுக்கு வேலைக்குச் சென்றார். எட்டு ஆண்டுகள் உழைத்தார். வீட்டுக் கடன் அடைந்தது. அத்தையின் திருமணம் நடந்தது. என் படிப்புக்கென்று ஒரு தொகையும் சேர்ந்தது. ஆனால் என் தம்பிக்கு அம்மா என்பவர் கைப்பேசியில் தெரியும் முகம்; ஆண்டுக்கு ஒரு மாதம் பெட்டியோடு வந்து செல்லும் விருந்தாளி. கீழே விழுந்தால் அவன் “பாட்டீ” என்றுதான் அழுவான். நம் குமரி மாவட்டத்தில் இக்கதை புதிதன்று. இதைப் படிக்கும் தோழர் தோழியரில் பலருடைய வீட்டுக் கதையும் இதுவாகத்தான் இருக்கும்.

2023-இல் ஒப்பந்தம் முடிந்து திரும்பிய அம்மா ஒருநாள் இரவு, “ஒரு வருஷம் காசு வாங்காம வேலை பார்க்கணும்னு ரொம்ப நாளா ஆசை. ஆனா இந்தத் தடவை கடல் தாண்டினா நாலு பேரும் சேர்ந்துதான் தாண்டணும்” என்றார். குடும்பத்தோடு வந்து தங்கிப் பணிசெய்ய இடமளிக்கும் மருத்துவமனைக் கப்பல் ஒன்று உண்டு என்று உடன் வேலை செய்த செவிலியர் ஒருவர் அவருக்குச் சொல்லியிருந்தார். அங்கே ஊதியம் இல்லை என்பது மட்டுமன்று. தங்குவதற்கும் உண்பதற்கும் ஆகும் செலவை நாமே கட்ட வேண்டும். இதைக் கேட்ட பாட்டி, “காசு வாங்கப் போனதுக்கே எட்டு வருஷம் ஆச்சு. காசு கொடுக்கப் போறதுக்கு எத்தனை வருஷம் ஆகுமோ?” என்றார். அப்பா, தாம் வேலை பார்த்த நூற்பாலையில் ஊதியமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்தார். நான் அப்போதுதான் பிளஸ் டூ முடித்திருந்தேன். என் வகுப்புத் தோழியர் கல்லூரியில் சேர்ந்த அந்த ஆண்டில் நான் கப்பலேறினேன். ஓராண்டு பின்தங்குகிறோமே என்ற கவலை என் நெஞ்சில் முள்ளாக இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

கப்பலும் பணியும்

கப்பலின் பெயர் ‘குளோபல் மெர்சி’. ‘மெர்சி ஷிப்ஸ்’ என்னும் தொண்டு நிறுவனத்துக்காகச் சீனாவின் தியான்ஜின் நகரில் கட்டப்பட்டு 2021-இல் ஒப்படைக்கப்பட்டது. நீளம் 174 மீட்டர், 12 தளங்கள், 6 அறுவை அரங்குகள், ஏறத்தாழ 200 படுக்கைகள். படைத்துறை சாராத மருத்துவமனைக் கப்பல்களில் உலகிலேயே பெரியது இதுவே. கடலில் அலைந்துகொண்டே அறுவை செய்வார்கள் என்று நான் எண்ணியிருந்தேன். அப்படி அல்ல. ஒரு துறைமுகத்தில் பல மாதங்கள் கட்டப்பட்டு நிற்கும். நோயாளிகள் படியேறி வருவார்கள். கண்புரை, உதட்டுப் பிளவு, கழுத்துக் கழலை, குடலிறக்கம், தீப்புண்ணால் ஒட்டிப்போன கைகள், வளைந்த கால்கள் ஆகியவற்றுக்கு அங்கே கட்டணமின்றி அறுவை செய்யப்பட்டது.

அம்மாவுக்குக் குழந்தைகள் வார்டில் பணி. அப்பாவுக்குப் பராமரிப்புப் பிரிவு. பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கு மட்டுமே அங்கு வேலை. எனக்கு அந்த ஜூலையில்தான் வயது நிரம்பியிருந்தது. உணவுக்கூடத்தில் தட்டு அடுக்குவதும் மேசை துடைப்பதும் என் பங்கு. பல நாட்டுப் பிள்ளைகளோடு தம்பி கப்பலிலேயே இருந்த பள்ளிக்குச் சென்றான்.

எங்கள் மூவருக்கும் சனி ஞாயிறு பெரும்பாலும் ஓய்வுதான். ஆனால் நோய்க்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. ஆகவே அம்மாவின் முறைப்பட்டியல்தான் எங்கள் வீட்டுப் பஞ்சாங்கம். 2024 பிப்ரவரியில் ஒரு வாரம், அப்பட்டியலில் சனி, ஞாயிறு இரண்டு கட்டங்களும் வெறுமையாக இருந்தன. தம்பி அதை மூன்று முறை சரிபார்த்தான்.

அம்மாவுக்கு மட்டும் தயக்கம். கால் வளைவுக்கு அறுவை செய்துகொண்ட ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் அந்த வாரம் வலியால் துடித்துக்கொண்டிருந்தான். “அவன் அங்க படுத்திருக்கான்; நாம பீச்சுக்குப் போறதா?” என்றார். அப்பா வாதாடவில்லை. “திங்கக்கிழமை அவனுக்குக் களைச்சுப்போன நர்ஸ் வேணுமா, தூங்கி எழுந்த நர்ஸ் வேணுமா?” என்று மட்டும் கேட்டார். மருந்தின் அளவில் ஒரு புள்ளி தவறினாலும் உயிருக்கு ஆபத்து என்பதை அம்மாவைவிட நன்றாக அறிந்தவர் யார்? மறுநாள் காலை அவர் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை

தலைநகரான ஃப்ரீடவுன் மலையும் கடலும் நெருக்கிப் பிடித்த ஊர். அமெரிக்கக் கண்டத்திலிருந்து திரும்பிய விடுதலை பெற்ற அடிமைகள் 1792-இல் குடியேறி அமைத்த ஊர் என்பதால் அப்பெயர். துறைமுக வாயிலைத் தாண்டியதும் ஒரே இரைச்சல். நம் நாட்டிலிருந்து சென்ற மூன்று சக்கர ஆட்டோக்களை அங்கே ‘கேக்கே’ என்கிறார்கள். மக்களை அடைத்துக்கொண்டு ஓடும் சிற்றுந்துகளுக்குப் பெயர் ‘போடா போடா’. முதன்முதலில் இதைக் கேட்டபோது தம்பிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “அக்கா, நீ இதுல ஏற முடியாது. உனக்குப் ‘போடி போடி’ தனியா வரும்” என்றான்.

வழியில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம், “ஆவ் டி பாடி?” என்று கேட்டார்கள். அங்கே வழங்கும் கிரியோ மொழியில் ‘உடம்பு எப்படி?’ என்பது பொருள். நலம் கேட்பதற்கு உடம்பைக் கேட்பது நம் ஊர் வழக்கமும் அல்லவா! “டி பாடி ஃபைன்” என்று பதில் சொல்லிச் சொல்லி நடந்தோம்.

துறைமுகத்தை அடுத்த கிளைன் டவுன் பகுதியில் ஒரு ரயில் அருங்காட்சியகம் உண்டு. 1974-இல் ஓட்டம் நின்றுபோன குறுகிய பாதை ரயிலின் எஞ்சின்களையும் பெட்டிகளையும் அங்கே காத்துவைத்திருந்தார்கள். இங்கிலாந்து அரசியின் 1961-ஆம் ஆண்டு வருகைக்கென்று செய்த பெட்டியும் அவற்றுள் ஒன்று. அப்பா ஒவ்வொரு சக்கரத்தையும் குனிந்து பார்த்தார். தம்பி ஒவ்வொரு எஞ்சினிலும் ஏறி ஓட்டுநரானான். அவர்களை அங்கே விட்டுவிட்டு நான் அம்மாவை அழைத்துக்கொண்டு அருகிலிருந்த ஓர் இடத்துக்குச் சென்றேன்.

கூரையிழந்து நிற்கும் பழைய கற்கட்டடம் அது. ஃபூரா பே கல்லூரி. 1827-இல் தொடங்கப்பட்டது. நம் சென்னை மாநிலக் கல்லூரிக்குப் பதின்மூன்று ஆண்டுகள் மூத்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் மேலைமுறை உயர்கல்வியைத் தொடங்கிவைத்த கல்லூரி இதுவே. கல்லூரி பின்னர் மலைமேல் வேறிடம் சென்று இன்றும் நடக்கிறது. இந்தப் பழைய கட்டடம் 1999-இல் தீக்கிரையானது. இங்கே பயின்ற முதல் மாணவர்களில் ஒருவர் சாமுவேல் அஜாயி கிரவுத்தர். உணவுக்கூடத்தில் என்னோடு வேலை செய்த ஃப்ரீடவுன் பெண்ணொருத்தி அவர் கதையை எனக்குச் சொல்லியிருந்தாள்; பிறகு நானும் தேடிப் படித்தேன். இன்றைய நைஜீரியாவில் பிறந்த அவர், சிறுவனாக இருந்தபோது 1821-இல் அடிமை பிடிப்போரிடம் சிக்கினார். தாயிடமிருந்து பிரிக்கப்பட்டுக் கப்பலேற்றப்பட்டார். அக்கப்பலை 1822-இல் ஆங்கிலக் கடற்படை மறித்துப் பிடித்து, அதிலிருந்தவர்களை விடுவித்து ஃப்ரீடவுனில் இறக்கியது. இக்கல்லூரியில் படித்து, பின்னாளில் ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் ஆப்பிரிக்க ஆயரானார். இவையெல்லாம் நடப்பதற்கு இடையே, 1846-இல், இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துத் தம் தாயைத் திரும்பக் கண்டார்.

இதை நான் சொல்லி முடித்ததும் அம்மா கேட்டது ஒன்றே: “அம்மாவுக்கு அடையாளம் தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுதாம். ரெண்டு பேரும் பேச முடியாம கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்களாம்.”

அம்மா வேறொன்றும் கேட்கவில்லை. வரலாற்றுப் பாடத்தை இளங்கலையில் எடுக்க வேண்டும் என்று நான் முடிவு செய்தது அந்தச் சுவரருகில்தான்.

பிற்பகலில், கப்பலின் வண்டியொன்றில் ஒரு டச்சுக் குடும்பத்தோடு சேர்ந்து மலைக்காட்டிலுள்ள டாக்குகாமா சிம்பன்சி காப்பகத்துக்குப் போனோம். இதை 1995-இல் தொடங்கியவர் இலங்கையில் பிறந்த பாலா அமரசேகரன். கணக்காளராக வேலை பார்த்தவர். 1988-இல் ஒரு சிற்றூரில் கட்டிவைக்கப்பட்டிருந்த நோயுற்ற சிம்பன்சிக் குட்டியைக் கண்டு இரங்கி, 20 டாலர் கொடுத்து வாங்கினார். அந்த ஒரு குட்டியிலிருந்து வளர்ந்ததே இக்காப்பகம். நாங்கள் சென்றபோது நூற்றுக்கும் மேற்பட்டவை அங்கே இருந்தன. 2019-இல் சிம்பன்சியைத் தன் தேசிய விலங்காகச் சியரா லியோன் அறிவித்ததிலும் இக்காப்பகத்துக்குப் பெரும் பங்குண்டு.

“கல்லெறியும், தலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று வழிகாட்டி எச்சரித்தார். சொல்லி வாய் மூடுமுன் வேலிக்கு அப்பாலிருந்து ஒரு கல் பறந்து வந்தது. குறி அப்பாவுக்கு. மயிரிழையில் தப்பினார். “மில்லு யூனியன் தேர்தல்லகூட இப்படி வந்ததில்லை” என்றார் அவர். டச்சுக்காரருக்கு அதை மொழிபெயர்த்துச் சொல்வதற்குள் நாங்கள் சிரித்துக் களைத்துவிட்டோம்.

ஆனால் வழிகாட்டி சொன்ன செய்தி சிரிப்புக்குரியது அல்ல. வேட்டைக்காரர்கள் இறைச்சிக்காகத் தாயைக் கொன்று, குட்டியை வளர்ப்பு விலங்காக விற்றுவிடுகிறார்கள். சிம்பன்சிக் குட்டி நான்கைந்து ஆண்டுகள் தாய்ப்பால் குடிக்கும், தாயைவிட்டு அகலாது. அப்படிப்பட்டதைக் கொண்டுவந்தால் முதலில் அதற்கு வேண்டியது பழமல்ல, பற்றிக்கொள்ள ஓர் உடல். ஆகவே காப்பாளர்கள் மாதக்கணக்கில் அதைச் சுமந்துகொண்டே திரிவார்களாம். தம்பி, “அப்புறம் அது அவங்களை அம்மான்னு நினைச்சுக்குமா?” என்று கேட்டான். நான் ஆங்கிலத்தில் கேட்டுச் சொன்னேன். “கொஞ்ச நாள் ஆகும். ஆனால் நினைத்துக்கொள்ளும்” என்றார் வழிகாட்டி. அம்மா மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காடு வெறும் அழகுக்காக மட்டும் நிற்பதன்று. அருகிலுள்ள ரீஜென்ட் பகுதியில் 2017 ஆகஸ்டு 14 அன்று பெருமழையில் மலை சரிந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். மரங்களை வெட்டி மலைச்சரிவில் வீடுகள் எழுப்பியது அழிவைப் பெருக்கியது. நாங்கள் நாடு திரும்பிய பின்னும் காடழிப்பு நிற்கவில்லை. அதைக் கண்டித்து 2025 மே மாதத்தில் காப்பகத்தார் பார்வையாளர்களுக்கு வாயிலை மூடிவிட்டார்கள் என்று செய்தியில் படித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை

நகருக்குத் தெற்கே ‘ரிவர் நம்பர் டூ’ என்றொரு கடற்கரை. இரண்டாம் எண் ஆறு! பெயர் வைக்கத் தெரியாதவர்கள் கண்டுபிடித்த ஊர்போலும் என்று நினைத்தேன். ஆனால் அந்த அழகுக்குப் பெயரே வேண்டியதில்லை. காடு மூடிய மலை கடல்வரை இறங்கி வருகிறது. ஆறொன்று வெண்மணலை வெட்டிக்கொண்டு அட்லாண்டிக் பெருங்கடலில் கலக்கிறது. ஊர் மக்களே சங்கம் அமைத்து அக்கடற்கரையை நடத்திவந்தார்கள். நுழைவுக் கட்டணமும் ஊருக்கே.

முக்கடலும் கூடும் மாவட்டத்தில் பிறந்தவர்கள் நாங்கள். எனினும் நால்வரும் சேர்ந்து கடலில் இறங்கியது அன்றுதான். வளைகுடாவில் அம்மா வேலை பார்த்த மருத்துவமனையிலிருந்து கடல் கூப்பிடு தூரம். எட்டாண்டில் கால் நனைத்தது இரண்டே முறையாம். அன்று சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, அலை வரும்போதெல்லாம் சிறுமியைப்போலக் கூவினார். அப்பா ஆற்று முகத்தில் மல்லாந்து மிதந்தார். தம்பியும் டச்சுப் பையனும் நண்டு பிடித்தார்கள். நான் ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பது எவ்வளவு இனிது என்பதை, முந்நூறு தட்டு அடுக்கியவர்களே அறிவர்.

மதிய உணவைக் காலையிலேயே சொல்லிவைத்துவிட்டோம். அந்நாட்டார் எதை உண்டாலும் சோறு உண்ணாதவரை உண்டதாகக் கணக்கில் கொள்ள மாட்டார்கள். அந்த ஒன்றாலேயே எனக்கு அவர்கள் உறவினராகிவிட்டார்கள். சுடச்சுடச் சோறு, சுட்ட சீலா மீன், மரச்சீனி இலைக்கறி. நம் ஊரில் மரச்சீனிக் கிழங்கைத் தின்போம். இலையைத் தொடுவதில்லை, நஞ்சு என்போம். அவர்கள் அவ்விலையை உரலில் நன்றாக இடித்து, நெடுநேரம் வேகவைத்து நச்சைப் போக்கி, செம்பனை எண்ணெயும் நிலக்கடலை விழுதும் சேர்த்துக் கறியாக்குகிறார்கள். பாட்டிக்குச் சொன்னால் நம்பமாட்டார் என்று அப்பா இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார்.

அம்மா பழக்கம் போலத் தம்பியின் தட்டிலிருந்த மீனை எடுத்து முள் நீக்கத் தொடங்கினார். அவன் தட்டை மெதுவாக இழுத்துக்கொண்டான். “எனக்கே முள்ளு எடுக்கத் தெரியும்மா” என்றான். குறும்பாகச் சொல்லவில்லை, உண்மையைச் சொன்னான். ஐந்து வயதிலேயே பாட்டி அவனுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். அம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. “ஆமா மக்களே, நீ பெரியவனாயிட்டே” என்று சொல்லிவிட்டுத் தம் தட்டுக்குத் திரும்பினார். அப்பா கடலைப் பார்த்தார். டச்சுக் குடும்பத்தினர் ஒன்றும் அறியாமல் உண்டுகொண்டிருந்தனர்.

சற்று நேரம் சென்றது. தம்பி தன் மீனைப் புரட்டிப் பார்த்தான். பிறகு தட்டை அம்மாவின் பக்கம் தள்ளினான்.

“இந்தத் துண்டுல முள்ளு ரொம்ப இருக்கும்மா.”

வால்பக்கத்துத் துண்டு அது. அதைவிடக் கடினமானதையெல்லாம் தானே தின்றவன் அவன். அம்மா ஒன்றும் சொல்லாமல் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். அந்த ஒரு துண்டுக்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

மாலையில் கப்பலுக்குத் திரும்பினோம். அம்மா குளித்துவிட்டு, வேலை நேரம் இல்லாதபோதும் வார்டுக்குச் சென்று வந்தார். கூடவே தம்பியும் போனான். காலில் கட்டுப் போட்டிருந்த அச்சிறுவனுக்கு அன்று வலி சற்றுக் குறைந்திருந்தது. அருகில் அவன் தாய் அமர்ந்திருந்தாள். தம்பி பொறுக்கி வந்த சிப்பிகளைக் கொடுத்தான். பின் இருவரும் சீட்டு விளையாடினார்கள். ஒருவருக்கு மற்றவரின் மொழி தெரியாது. சண்டையும் சமாதானமும் மட்டும் தெளிவாக நடந்தன. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அம்மா பணிக்குச் சென்றபோது அவர் முகத்தில் முந்தைய வாரத்துக் களைப்பு இல்லை.

நண்பர்களே, தொண்டும் இன்பமும் பகையல்ல. அந்த இரண்டு நாள்களில் நாங்கள் நோயாளிகளிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. ஓய்வு கொண்ட கையே ஊசியை நடுங்காமல் பிடிக்கும். சிரித்த முகமே வார்டில் அச்சத்தைப் போக்கும். தன் பிள்ளையின் மீனுக்கு முள் எடுக்க இடம் கிடைத்த தாய், பிறர் பிள்ளையின் காலுக்கு இன்னும் மென்மையாகவே கட்டுப் போட்டாள். நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு வரத் தயங்கும் தோழர்கள், “ஒரு வாரம் துறவியாக இருக்க வேண்டுமே” என்கிறார்கள். துறவு வேண்டாம், வாருங்கள். மண் சுமந்த பின் கிணற்றடியில் எல்லோரும் சேர்ந்து குளிக்கும் இன்பம் வேறெங்கும் கிடைக்காது.

தாயையோ தந்தையையோ கடலுக்கு அப்பால் அனுப்பிவிட்டுப் படிக்கும் தோழர் தோழியருக்கு மற்றொன்று சொல்வேன். அவர்கள் அனுப்பும் பணத்தில் நம் கட்டணம் மட்டும் இல்லை. அவர்களுக்குக் கிடைக்காமற்போன ஞாயிற்றுக்கிழமைகளும் இருக்கின்றன. அவர்கள் விடுமுறையில் வரும்போது, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த வேலையாக இருந்தாலும், ஒன்றிரண்டை அவர்களிடம் விட்டுக்கொடுங்கள்.

அம்மா மறுபடி வளைகுடாவுக்குச் செல்லவில்லை. பாதிச் சம்பளத்துக்கு நம் மாவட்டத்திலேயே ஒரு மருத்துவமனையில் சேர்ந்துவிட்டார். நான் ஓராண்டு தாமதமாக இக்கல்லூரியில் வரலாறு படிக்க வந்தேன்; இப்போது இரண்டாம் ஆண்டு. அந்த ஓராண்டை நான் இழந்ததாக என் வீட்டில் யாரும் சொல்வதில்லை, நானும் சொல்வதில்லை.